வற்றாப்பளையை வட்டமாக்கிய பெயர்ப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் இருக்கிறேன். நாற்பது வருடத்துக்குக் கிட்ட பெயர்ப்பலகை எழுதிச் சீவித்தவன். கடைப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, சங்கக்கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றியில் மாட்டும் தகரம், கோயில் உபயகாரர் பட்டியல் என்று எழுதாதது இல்லை. இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. நடுங்காவிட்டாலும் வேலை இருந்திருக்காது. பிளெக்ஸ் அச்சு வந்த பிறகு தூரிகைக்காரனைத் தேடி யார் வருகிறார்கள்? ஆனால் வீதியால் போகும்போது ஒவ்வொரு பலகையையும் எழுத்தெழுத்தாக வாசிக்கிற நோய் மட்டும் விட்டுப்போகவில்லை.

வைகாசிப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு சைக்கிளில் வற்றாப்பளைப் பக்கம் போனேன். ஒரு திருப்பத்தில் புதுப் பலகை நட்டிருந்தார்கள். நல்ல கனமான தகடு, இரவில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற ஒட்டெழுத்து. சிங்களம் மேலே, தமிழ் நடுவில், ஆங்கிலம் கீழே. மூன்று வரிக்கும் இடைவெளி அளந்து வைத்த மாதிரி. தொழில்காரன் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகுதான் நடு வரியை வாசித்தேன். 'வட்டப்பளை' என்று இருந்தது.

கண்ணகை அம்மன் இருக்கிற ஊர். கடல் தண்ணீரில் விளக்கெரிகிற பொங்கல் எந்த ஊரில் என்று கேட்டால் வன்னியில் சின்னப் பிள்ளையும் பெயர் சொல்லும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடம் இது, பத்தாப்பளைதான் பிறகு வற்றாப்பளை ஆனது என்று எங்கள் கிழவிகள் கதை சொல்வார்கள். கதை சரியோ பிழையோ, அதில் வட்டம் எங்கேயும் இல்லை.

இந்த வட்டம் எப்படி வந்தது என்று யோசித்தபடி நின்றேன். அதிக நேரம் எடுக்கவில்லை. கீழ் வரியிலிருந்துதான் மேலே ஏறியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு ரீ (T) போட்டு எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலத்தை எங்கோ ஒரு மேசையில் யாரோ தமிழ் ஆக்கியிருக்கிறார்கள். ஊரைத் தெரியாத ஒருவர் இரண்டு ரீயைப் பார்த்தால் ட்ட என்றுதான் எழுதுவார். அவரில் முழுப் பிழையும் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த இரண்டு ரீக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பழைய ஆட்கள், கச்சேரியில் இருந்த எழுதுவினைஞர்கள், தபாலதிபர்கள், தலைமை வாத்திமார், எல்லாரும் சொல்லாமலே ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார்கள். ட்ட வந்தால் இரண்டு டீ (D). வட்டக்கச்சிக்கு இரண்டு டீ, வட்டுவாகலுக்கு இரண்டு டீ, செட்டிகுளம், நொச்சிமோட்டை எல்லாவற்றுக்கும் அப்படியே. ஒட்டுசுட்டானுக்கு நாலு டீ. ற்ற வந்தால் இரண்டு ரீ. த வந்தால் ரீயோடு ஓர் எச். எங்கள் வாயில் ற்ற எப்படி வருகிறதோ அதற்கு ரீ கிட்டத்தட்டப் பொருந்தும். அதனால் வற்றாப்பளைக்கு இரண்டு ரீ என்பது அந்தக் காலத்தில் மிகச் சரியான எழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், எழுத்து மட்டும் நிற்கிறது. (நான் ரீ, டீ என்று எழுதுவதைப் பார்த்து இந்தியாவில் இருக்கிற வாசகர்கள் முழிக்கக்கூடும். நாங்கள் ரீச்சர், ரயர், ரிக்கெற் என்று எழுதுகிற ஆட்கள். அவர்கள் இரண்டு ஆங்கில எழுத்துக்கும் டி என்றே எழுதுவார்கள். அப்படி எழுதினால் இந்தக் கடிதத்தையே எழுத முடியாது.)

இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் ட்ட-வுக்கும் இரண்டு ரீ போடுகிறார்கள். வட்டுவாகலை அப்படி எழுதியதையும் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் ஒரே மாவட்டத்தில் கலந்து கிடந்தால், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுவதற்கு ஆண்டவனாலும் முடியாது.

பளையை எடுங்கள். ரயில் நிற்கிற ஊர். அதன் ஆங்கிலத்தில் என்ன காரணத்தாலோ இரண்டு எல். 2014இல் ரயில் பளை வரைக்கும் திரும்ப வந்த புதிதில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பொடியன் என்னிடம் 'பல்லை ஸ்டேஷன் எங்கே?' என்று கேட்டான். பல்லைக் காட்டச் சொல்கிறானோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

முல்லைத்தீவுக்கும் முள்ளியவளைக்கும் ஆங்கிலத்தில் தொடக்கம் ஒன்றுதான். முல்லை பூ, முள்ளி முள்ளுச்செடி. இரண்டு எல் போட்டதும் பூவும் முள்ளும் ஒன்றாகிவிடும். 'முல்லியவளை' என்று தமிழில் எழுதிய தகரம் ஒன்றை ஒரு பஸ்ஸில் கண்டு, நானே சாரதியிடம் கேட்டு வாங்கி, வீட்டில் கிடந்த கறுப்பு பெயின்றைத் தொட்டு ள்ளி ஆக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ல்-லை ள் ஆக்குவது சும்மா வேலை இல்லை. பழைய கோட்டைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, பிறகு வளைக்க வேண்டும். சாரதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெள்ளைக்காரனும் எங்கள் பெயர்களோடு மல்லுக்கட்டியவன்தான். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் பெயர் பட்டிக்கோட்டா செமினரி. பூநகரி வெள்ளைக்காரர் வாயில் பூனெரின் ஆனது. கரைதுறைப்பற்றுக்குச் செய்தது இன்னும் வேடிக்கை. கரைதுறையை மொழிபெயர்த்து மரிரைம் என்று வைத்துவிட்டு, பற்றை மட்டும் பத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பிரதேச செயலகத்தின் ஆங்கிலப் பெயர் மரிரைம்பத்துத்தான். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிகூட இல்லை. 1895இல் லூயிஸ் என்ற வெள்ளைக்காரத் துரை வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். அதன் தலைப்பில் முல்லைத்தீவுக்கு நடுவில் இரண்டு ரீ இருக்கும். இப்போது அரசாங்கக் கடதாசியில் ஒன்று. சிலர் எச் சேர்க்கிறார்கள், சிலர் தீவுக்கு இரண்டு ஈ போடுகிறார்கள். வன்னிக்கே வீயா டபிள்யூவா என்று இன்னும் முடிவில்லை.

கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் ஒரு கல் நட்டான். வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் இவ்விடத்தில் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல். அந்தக் கப்டனின் பெயரைப் புத்தகங்களில் பாருங்கள், ஒன்றில் ஓர் ஈ கூடும், மற்றதில் குறையும். எங்கள் ஊரை எழுதத் தெரியாதவன் பெயரை ஊரே சேர்ந்து பிழையாக எழுதுகிறது என்று எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

சரி, கதை போதும். இது வெறும் எழுத்துப் பிரச்சினை, ஒரு கிழவனின் கண்கடி என்று யாராவது நினைத்தால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2009இல், கடைசிச் சண்டையோடு இடம்பெயர்ந்து, நாங்களும் எல்லாரையும் போல் செட்டிகுளம் முகாமுக்குப் போனோம். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பதிவு மேசை. வரிசையில் நின்று பெயரும் ஊரும் சொன்னோம். எழுதியவர் களைத்துப்போயிருந்தார், நாங்கள் அவரைவிடக் களைத்துப்போயிருந்தோம். அவர் ஊரை ஆங்கிலத்தில் எழுதினார். என்னுடையதில் டபிள்யூ, மனைவியினதில் வீ, மகளினதில் ஓர் எல்லே காணாமல் போய்விட்டது. அந்த நேரத்தில் யார் இதைப் பார்த்தார்கள்? உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு கடதாசி கிடைத்ததே பெரிது.

சில வருடம் கழித்து மகள் கலியாணமாகி வெளிநாடு போவதற்குப் பத்திரங்கள் சேர்த்தாள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தமிழில் முள்ளியவளை, அழகாக. அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் இரண்டு எல்லும் வீயும் போட்டார். முகாமில் தந்ததை வைத்துப் பிறகு எடுத்த பத்திரத்தில் ஓர் எல்லும் டபிள்யூவும். ஓர் அலுவலகத்தில் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இவர் பிறந்தது ஓர் ஊர், இருந்தது வேறோர் ஊரா?' என்று கேட்டார்கள். ஒரே ஊர் என்றோம். ஆதாரம் கேட்டார்கள். கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்தோம், போதாது என்றார்கள். கடைசியில் ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் நான் போய் நின்று சத்தியக்கடதாசி முடித்தேன். மேற்படி இரண்டு எழுத்துக்கூட்டல்களும் ஒரே கிராமத்தையே குறிக்கும் என நான் இத்தால் பயபக்தியோடும் உண்மையோடும் வெளிப்படுத்துகிறேன். அந்த ஊரின் சந்திப் பலகையை என் கையால் இரண்டு தரம் எழுதியவன் நான். அந்த ஊர் ஒன்றுதான் என்று நானே சத்தியம் பண்ணினேன்! பஸ்காசும் முத்திரைக்காசும் போக, மகளின் பயணம் இரண்டு மாதம் பிந்தியது.

என் மனைவியின் தங்கை மகன் கனடாவில் வளர்ந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் வந்து நின்றபோது கைபேசி வரைபடத்தை நீட்டி, 'பெரியப்பா, பூனெரின் எங்க இருக்கு? அந்தக் கோட்டையைப் பார்க்கலாமா?' என்றான். அவன் தகப்பன் பிறந்து வளர்ந்ததே பூநகரி. வீட்டில் பூநகரி என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் பார்க்கிற பூனெரின்தான் அது என்று இருபத்தேழு வயது வரைக்கும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டை வாசலில் நின்று சொன்னபோது பொடியன் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. பிறகு தகப்பனுக்குப் போன் எடுத்தான்.

சிங்களத்தில் எங்கள் ஊர்களை மாற்றிச் சொல்வதைப் பற்றி நான் கோபமாக ஏதாவது எழுதுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். மணலாறு வெலிஓயா ஆன கதை வேறு கதை. அது எழுத்துக்கூட்டலால் வந்தது இல்லை, அதை இதற்குள் போட்டுக் குழப்ப மாட்டேன். சும்மா வாய்க்கு வருகிறபடி கிளிநொச்சிய, வவுனியாவ, மன்னாரம, முலதிவ் என்று அவர்கள் சொன்னால் எனக்கு அது உறுத்துவதில்லை. நாங்கள் மட்டும் என்ன, மஹநுவரவைக் கண்டி என்கிறோம், மீகமுவவை நீர்கொழும்பு என்கிறோம். ஆனையிறவைப் பாருங்கள், சிங்களத்தில் அலிமங்கட, ஆங்கிலத்தில் எலிபன்ற் பாஸ். மூன்று மொழியிலும் அதே யானைதான் அதே இடத்தால் கடக்கிறது. அந்தப் பெயரில் எனக்கு வேறொரு ஆசையும் உண்டு. நான் தொழில் பழகின காலத்தில் னை என்ற எழுத்துக்கு மேலே தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தியது, எங்கள் பக்கத்துக்கு அது வந்துசேரக் காலம் எடுத்தது. அதற்குள் ஆனையிறவு என்று எத்தனையோ தரம் எழுதிவிட்டேன். ஆனைக்குத் தும்பிக்கை வைத்துத்தான் எழுதினேன்.

சிங்கள எழுத்தை எனக்குப் பழக்கியவர் வவுனியாவில் கடை வைத்திருந்த ஒரு சிங்களப் பலகைக்காரர். என்னை மல்லி என்பார், நான் அவரை ஐயா என்பேன். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். எங்கள் ஆட்கள் கேட்டுவிட்டு நான் ஏதோ பெரிய மரியாதை கொடுக்கிறேன் என்று நினைப்பார்கள். அவர் சொல்லித்தான் தெரியும், அவர்களுக்கும் இரண்டு ல, இரண்டு ந உண்டு. வாயில் வித்தியாசம் போய்விட்டது, எழுத்தில் இருக்கிறது. 'நண லள பேதய' என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அடிக்காத குறையாகப் படிப்பிப்பார்களாம். ட-வும் த-வும் அவர்களுக்கும் வேறு வேறு எழுத்து. ஆகவே முள்ளியவளையையும் வட்டுவாகலையும் தமிழைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதினால் ஏறக்குறையச் சரியாகவே எழுதலாம். ழ-வும் ற-வும்தான் சிக்கல். அவர் ஒவ்வொரு தரமும் தமிழில் எப்படி என்று கேட்டு, என்னை இரண்டு தரம் சொல்லவைத்து, பிறகுதான் சோக்கைத் தொடுவார். இப்போது சிங்கள வரியும் ஆங்கிலத்திலிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் ஓர் எல், அதனால் சிங்களத்திலும் பொது ல. எழுதுகிறவருக்கு இரண்டு மொழியும் அயல்மொழி மாதிரி.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1991 முதல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு என்று ஒன்றும் இருக்கிறது, முறைப்பாடும் கொடுக்கலாம். கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பலகையில் தமிழ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும். இருக்கிறதுதான். எந்த ஊரின் தமிழ் என்பதுதான் கேள்வி.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கில எழுத்துக்களை எல்லாம் திருத்துங்கள் என்று கேட்கவே மாட்டேன். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டது. வேலூருக்கு இரண்டு ஈ போட, அது வீலூர் ஆகிவிட்டது என்று சனம் சிரித்தது. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எங்களுக்கு அந்த வேலை வேண்டாம். பூனெரின் இருக்கட்டும், பளைக்கு இரண்டு எல் இருக்கட்டும், மரிரைம்பத்தும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு மாவட்டச் செயலகத்திலும் ஒரே ஒரு பட்டியல் இருந்தால் போதும். கிராம அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்துச் சொன்ன தமிழ்ப் பெயர் முதலில், அதற்கு நேரே சிங்களம், அதற்கு நேரே ஏற்கெனவே வழக்கில் இருக்கிற ஆங்கிலங்களில் ஒன்று. பலகை அடிக்கிறவரும் பத்திரம் எழுதுகிறவரும் அதைப் பார்த்து எழுதட்டும். தமிழ் வரியைத் தமிழிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வார்த்தை. கடந்த மாதம் ஒரே செய்தியில் தலைப்பில் 'முறிகண்டி', உள்ளே 'முருகண்டி' என்று போட்டிருந்தீர்கள். அந்த ஊர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறிக்காமல் ஏ9 வீதியால் போனவர் உங்கள் காரியாலயத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். ஊர்வாயில் இரண்டும் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு செய்திக்குள் ஒன்றை வைத்திருக்கலாமே. இன்னொரு நாள் ஒட்டுசுட்டானில் ஒரு ட்-ஐ விழுங்கி 'ஒட்டுசுடான்' ஆக்கியிருந்தீர்கள். அறுவடை முடிந்த ஒட்டைச் சுட்டபோதுதான் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்பது ஊர்க்கதை. ஒட்டு, சுட்டான். ஒரு ட் போனால் கதையும் போய்விடும்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பலகை எழுதப் போன இடமெல்லாம் ஊர், குளம், மோட்டை, மடு, கேணி, முறிப்பு எல்லாவற்றின் பெயரையும் அங்கே இருக்கிற வயதானவர்களிடம் கேட்டு எழுதிய கொப்பி. முதல் கொப்பி 2009இல் கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் பையோடு போய்விட்டது. இப்போது இருப்பது ஞாபகத்திலிருந்தும் திரும்பக் கேட்டும் எழுதியது. முந்நூறுக்குச் சற்றுக் கூட. பதினொரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், கேட்பதற்கு அந்த ஊர்களில் இப்போது பழைய ஆட்கள் இல்லை. மாவட்டச் செயலகத்திலோ பிரதேச சபையிலோ யாராவது பட்டியல் போட முன்வந்தால் போட்டோப் பிரதி எடுத்துத் தருவேன். மூலத்தை மட்டும் கையை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய பலகைக்காரன்,
முள்ளியவளை.